அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஒத்த தோற்றமுடைய வீட்டுக்கோழிகளை இனம் பிரித்தல்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் வீட்டுப் புறக்கடையில் வளரும் கோழிகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். செவலை, கருப்பு, சாம்பல், புள்ளி என்று நிறங்கள் பல இருந்தாலும், ஒரே முற்றத்தில் மேயும் பத்துக் கோழிகளில் எது சிறுவிடை, எது பெருவிடை, எது பண்ணையில் உருவாக்கப்பட்ட மேம்படுத்திய இனம் என்று பார்த்தவுடன் சொல்வது எளிதன்று. நிறத்தை வைத்து இனம் சொல்வதே பலரும் செய்யும் தவறு. கொண்டை, கால், உடற்கட்டு, நகம், முட்டை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஓரளவு துல்லியம் கிடைக்கும். இவற்றுக்கும் மேலாக, அடைக்குப் படுக்கிறதா இல்லையா என்பதே ஒரு கோழியைப் பற்றிய மிக முக்கியமான செய்தி. மானாவாரிக் கரிசல் காட்டில் கோழி வளர்ப்பு தொடர்வதும் நின்றுபோவதும் அதைப் பொறுத்திருக்கிறது.

குழப்பத்தின் தோற்றம்

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இந்தப் பகுதியில் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மல்லி ஆகியவை மானாவாரிப் பயிர்கள். களத்தில் சிந்திய தானியம், கரையான், புழு, சமையற்கட்டுக் கழிவு ஆகியவற்றைத் தின்று, இரவில் வேப்பமரத்திலோ பஞ்சாரத்திலோ அடையும் கோழிதான் இங்கு வழிவழியாக வந்தது. தீவனம் வாங்கிப் போட்டு வளர்க்கும் வழக்கம் பின்னால் வந்தது.

கடந்த சில பத்தாண்டுகளில் வெளிக்கோழிகள் பல வழிகளில் ஊருக்குள் வந்து சேர்ந்தன. அரசுத் திட்டங்களில் வழங்கப்பட்ட குஞ்சுகள் ஒரு வழி. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் மேற்கு மாவட்டங்களிலிருந்து கொண்டுவந்து விற்கும் ஒரு மாதக் குஞ்சுகள் இன்னொரு வழி. பழைய இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாற்றாகத் தரப்படும் சாயமேற்றிய ‘கலர் குஞ்சு’ மூன்றாவது வழி. முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குச் சேவல் தேவையில்லை என்பதால் கழிக்கப்படும் ஆண் குஞ்சுகளே பெரும்பாலும் இப்படிச் சாயம் பூசி விற்கப்படுகின்றன. தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு குஞ்சுகள், சாயம் போனபின், பெரிய ஒற்றைக் கொண்டையுள்ள வெள்ளைச் சேவலாக நிற்கும். 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, 2012-க்கும் 2019-க்கும் இடையில் இந்தியாவின் புறக்கடைக் கோழிகள் ஏறத்தாழ 46 விழுக்காடு கூடியுள்ளன.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். மேம்படுத்திய புறக்கடைக் கோழிகள் நாட்டுக்கோழியைப் போலத் தெரிவது தற்செயலானது அன்று. வெள்ளைக்கோழி பருந்தின் கண்ணில் எளிதில் படும். கிராமத்தாரும் அதை நாட்டுக்கோழியாக ஏற்கமாட்டார்கள். ஆகவே ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் வனராஜா, கிராமப்பிரியா ஆகியவற்றை உருவாக்கியபோதும், பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் கிரிராஜாவை உருவாக்கியபோதும் பலநிற இறகு விரும்பியே வைக்கப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி ஆகியவையும் புறக்கடைக்கென உருவானவையே. இவற்றை உருவாக்கியவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. பெயரை மறைத்து ‘நாட்டுக்கோழி’ என்று விற்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சிறுவிடையும் பெருவிடையும்

‘விடை’ என்பது முட்டைக்கு வரும் பருவத்து இளங்கோழியைக் குறிக்கும் சொல். பேச்சில் ‘வெடை’ என்பர். உருவத்தைக் கொண்டு நாட்டுக்கோழியைச் சிறுவிடை, பெருவிடை என இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் தமிழகம் முழுவதும் உண்டு.

வளர்ந்த சிறுவிடைப் பெட்டை ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். உடல் கட்டையாகவும் வால் நிமிர்ந்தும் கால் மெலிந்தும் காணப்படும். கொண்டை பெரும்பாலும் ஒற்றைக் கொண்டை. ஐந்து, ஆறு மாதத்தில் முட்டைக்கு வந்துவிடும். பெருவிடை, சண்டைக்கோழியான அசீலின் வழியில் வந்த பெரிய உருவம் உடையது. பெட்டையே இரண்டு கிலோவைத் தாண்டும். நீண்டு தடித்த கால், அகன்ற தோள், நிமிர்ந்த நடை, தாழ்ந்த வால், தலையோடு ஒட்டிய சிறு கொண்டை ஆகியவை இதன் அடையாளங்கள். முட்டைக்கு வர மேலும் சில மாதங்கள் ஆகும், முட்டையும் குறைவு.

வளர்ந்த நிலையில் இரண்டையும் குழந்தைகூடப் பிரித்துவிடும். நான்கு மாதப் பெருவிடை வெடையும் ஒரு வயதுச் சிறுவிடைப் பெட்டையும் ஒரே எடையில், ஒரே செவலை நிறத்தில் சந்தைக்கு வரும்போதுதான் கண் ஏமாறும். அப்போது காலைப் பார்க்க வேண்டும். பெருவிடையின் எலும்பு இளமையிலேயே தடித்திருக்கும்; கால் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்டு தெரியும். அடுத்து, கோழியைக் கையில் பிடித்து ஆசனவாயின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்புகளைத் தொட்டுப் பார்க்கலாம். முட்டையிடும் கோழியில் அவற்றுக்கிடையே இரண்டு விரலுக்குக் குறையாமல் நுழையும். முட்டைக்கு வராத வெடையில் ஒரு விரலே நுழையும். கொண்டையும் முகமும் நன்கு சிவந்திருந்தால் அது முட்டைக்கு வந்த கோழி. சிறிய உருவம் சிறுவிடை என்பதாலா, வயது குறைவு என்பதாலா என்பது இதில் தெரிந்துவிடும்.

இன்னொரு மயக்கம் குட்டைக்கால் கோழியால் வருவது. இதன் உடல் சாதாரண அளவிலேயே இருக்கும். கால் மட்டும் குட்டை. நிலத்தை ஒட்டி நடப்பதால் சிறுவிடை போலத் தோன்றும். இந்தக் குட்டைக்கால் பண்பைத் தரும் மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் ஒரு குஞ்சுக்கு வந்து சேர்ந்தால், கரு முட்டைக்குள் இளம்பருவத்திலேயே இறந்துவிடும். குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால், கருவுற்ற முட்டைகளில் நான்கில் ஒரு பங்கு வீணாகும். பொரிக்கும் குஞ்சுகளிலும் மூன்றில் ஒன்று நெட்டைக்காலாக இருக்கும்.

கொண்டையும் காலும் தரும் சான்று

சேவற்கட்டுக்காரர்கள் கொண்டையைப் ‘பூ’ என்பர். கத்திப்பூ, மத்திப்பூ, தவக்களைப்பூ என அவர்கள் வகை பிரிப்பதுண்டு. உயிரியல் பாடநூல்கள் ஒற்றைக் கொண்டை, பட்டாணிக் கொண்டை, ரோசாக் கொண்டை, வால்நட் கொண்டை என நான்காகக் காட்டும். மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று வில்லியம் பேட்சன் 1902-இல் காட்டியது கோழிக் கொண்டையை வைத்துத்தான். ரோசாக் கொண்டையும் பட்டாணிக் கொண்டையும் சேர்ந்தால் வால்நட் கொண்டை வரும் என்பதை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் 9:3:3:1 என்னும் விகிதத்தோடு படித்திருப்பார்கள்.

அந்தப் பாடம் முற்றத்திலும் பயன்படும். அசீலுக்கும் பெருவிடைக்கும் உரிய பட்டாணிக் கொண்டை ஓங்கு பண்பு. ஒற்றைக் கொண்டை ஒடுங்கு பண்பு. எனவே பட்டாணிக் கொண்டையுள்ள பெருவிடைப் பெட்டை, ஒற்றைக் கொண்டையுள்ள கிரிராஜாச் சேவலோடு சேர்ந்து பெறும் குஞ்சுகளுக்கும் தாழ்ந்த கொண்டையே இருக்கக்கூடும். கொண்டையைக் காட்டி ‘அசல் பெருவிடை’ என்று விற்பவர் பொய் சொல்கிறார் என்றும் கூற முடியாது. உண்மை சொல்கிறார் என்றும் கூற முடியாது. மறுபக்கம், பட்டாணிக் கொண்டையுள்ள இரு கோழிகளுக்கு ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பிறப்பதும் இயல்பே. பக்கத்து வீட்டுச் சேவல் வேலி தாண்டி வந்தது என்று அதை வைத்துச் சண்டைக்குப் போகத் தேவையில்லை.

‘மஞ்சள் கால் என்றால் பண்ணைக்கோழி’ என்னும் பேச்சுக்கும் அடிப்படை இல்லை. மஞ்சள் காலும் மஞ்சள் தோலும் வீட்டுக்கோழிக்கு வந்த வழி வியப்பானது. வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்குரிய மரபணு தென்னிந்தியாவுக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலப்பினால் வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதே மாவட்டத்தின் மேற்கு எல்லையில், திருவில்லிபுத்தூர் மலைக்காட்டில் கூவும் காட்டுக்கோழி அந்த இனந்தான். ஆகவே மஞ்சள் கால் நாட்டுத்தன்மைக்கு எதிரான சான்று ஆகாது. அசீல் பலவற்றுக்கும் கால் மஞ்சள்தான். தவிர, மஞ்சள் நிறம் தீவனத்திலுள்ள பச்சையிலிருந்து வருவது. கோடையில் பச்சை இல்லாதபோதும், தொடர்ந்து முட்டையிடும்போதும் அதே கோழியின் கால் வெளுத்துவிடும்.

காது மடல் வெள்ளையானால் முட்டை வெள்ளை, சிவப்பானால் முட்டை பழுப்பு என்று சொல்வதுண்டு. லெகார்ன் போன்ற இனங்களுக்கு இது பொருந்தும். எல்லா இனங்களுக்கும் பொருந்தாது. கலப்பு மிகுந்த முற்றத்தில் இதை நம்ப முடியாது.

பெருவிடையும் மேம்படுத்திய கோழியும்

இந்த வட்டாரத்தில் மிகுதியாக ஏமாற்றம் தருவது இந்த இணைதான். பலநிறக் கிரிராஜா அல்லது வனராஜாச் சேவல், தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல பெருவிடைச் சேவலாகத் தெரியும். கையில் பிடித்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். பெருவிடையின் இறகு குட்டையாக, இறுக்கமாக, உடலோடு ஒட்டியிருக்கும். தோளிலும் நெஞ்செலும்பின் மேலும் சிவந்த தோல் எட்டிப் பார்க்கும். தசை கல்லைப் போலக் கெட்டி. மேம்படுத்திய கோழியின் இறகு தளர்வாகவும் பஞ்சுபோலவும் இருக்கும். நெஞ்சு அகன்று, தசை மெத்தென்று இருக்கும். பெரிய ஒற்றைக் கொண்டையும் தொங்கும் தாடியும் பெரும்பாலும் இதற்கு உண்டு. வயதைக் கேட்பதும் நல்லது. மூன்று மாதத்தில் இரண்டு கிலோவை நெருங்கிய கோழி நாட்டுக்கோழியாக இருக்க வழியில்லை.

ஒரு மாதக் குஞ்சில் இந்த அடையாளங்கள் எதுவும் முழுமையாகத் தெரியாது. விற்பனை நடப்பதோ பெரும்பாலும் அந்த வயதில். அங்கே குஞ்சைப் பார்ப்பதைவிடக் கூட்டத்தைப் பார்ப்பது பயன் தரும். ஒரே நாளில் பொரித்த, ஒரே அளவுள்ள இருநூறு குஞ்சுகள் ஒரு வண்டியில் வந்தால் அவை பொரிப்பகத்துக் குஞ்சுகள். ஊரில் தாய்க்கோழி பொரித்த குஞ்சுகள் அளவிலும் நிறத்திலும் ஒன்றுபோல் ஒன்று இராது. வங்காளதேசத்தில் ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் ஃபயூமி பெட்டையையும் சேர்த்து உருவாக்கிய சோனாலி, உருவத்தில் சிறுவிடையை ஒத்திருப்பதால் நாட்டுக்கோழி என்ற பெயரில் பல இடங்களில் விற்பனையாகிறது. அதற்கும் இந்தக் கூட்டச் சோதனை பொருந்தும்.

வளர்ந்த பெட்டையை வாங்கும்போது அலகையும் நகத்தையும் பார்க்கத் தவறக்கூடாது. கூண்டுப் பண்ணைகளில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகு நுனியை வெட்டிவிடுவர். மொட்டையான அலகு பண்ணையிலிருந்து வந்ததற்கான முத்திரை. கூண்டில் கிளறுவதற்கு மண் இல்லாததால் நகம் நீண்டு வளைந்திருக்கும். கரிசலில் கிளறி வளர்ந்த கோழியின் நகம் தேய்ந்திருக்கும். செம்பழுப்பு நிற முட்டைக்கோழியான பி.வி.380, செவலை நாட்டுப்பெட்டை போலவே தோன்றும். அதைக் கண்டுகொள்ள இந்த இரண்டு அடையாளங்களே போதும்.

கருங்கோழியும் கடக்நாத்தும்

கருப்பாக இருப்பதெல்லாம் கடக்நாத் அன்று. கடக்நாத் எல்லாம் முழுக்கக் கருப்பும் அன்று. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, தார் பகுதிகளைச் சேர்ந்த இந்தக் கோழியில் முழுக்கருப்பு, வெள்ளிக்கோடு, பொன்னிறக்கோடு என மூன்று வகை உண்டு. ஜாபுவா கடக்நாத் கருங்கோழி இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழகத்தின் கருங்கால் கோழி நெடுங்காலமாக இங்குள்ளது. அதன் காலும் இறகும் கருப்பாக இருந்தாலும் நாக்கு இளஞ்சிவப்பு, கொண்டை சிவப்பு, இறைச்சி வெளுப்பு.

சோதனை எளிது. வாயைத் திறந்து நாக்கையும் அண்ணத்தையும் பார்க்க வேண்டும். கடக்நாத்தில் அவை கருநீலமாக இருக்கும். கொண்டையும் தாடியும் ஊதா கலந்த கருப்பு. சிறகைத் தூக்கினால் அடியிலுள்ள தோலும் கருப்பு. அதன் முட்டை மட்டும் கருப்பன்று; வெளிர் பழுப்பு. இரத்தமும் எல்லாக் கோழிக்கும் போலச் சிவப்பே. கருப்பு முட்டை என்று காட்டப்படும் படங்களை நம்பி விலை கொடுக்க வேண்டியதில்லை.

தோல் கருப்பதற்குக் காரணம், நிறமிச் செல்களைப் பெருக்கும் ஒரு மரபணுப் பகுதி இரட்டித்திருப்பது. சீனத்துப் பட்டுக்கோழியிலும் இதே மாற்றந்தான் உள்ளது. இது ஓங்கு பண்பு. ஆனால் அதை அடக்கும் இன்னொரு மரபணு பால் குரோமோசோமில் இருக்கிறது. அந்த அடக்கும் மரபணுவுடைய வெளிர்கால் பெட்டையைக் கடக்நாத் சேவலோடு சேர்த்தால், பெண்குஞ்சுகள் கருந்தோலோடும் ஆண்குஞ்சுகள் வெளுத்தும் வளரும். பேட்சனும் பன்னெட்டும் பட்டுக்கோழியில் இதை 1911-இலேயே விளக்கினர். கலப்பில் பிறந்த பெட்டை அசல் கடக்நாத் போலத் தோன்றுவதால், அதன் உடன்பிறந்த சேவலையும் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

இனம் ஆகாத பெயர்கள்

கழுகுக்கோழி, கொண்டைக்கோழி, சிலுப்பிய இறகுக்கோழி ஆகியவற்றைத் தனி இனங்களாகப் பலர் எழுதுகின்றனர். உண்மையில் இவை ஒற்றைப் பண்புகள். எந்த இனத்திலும் தோன்றலாம். கழுத்தில் இறகில்லாத கழுகுக்கோழியின் பண்பு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் கழுத்தின் முன்புறம் ஒரு சிறு குஞ்சம் நிற்கும். இருவரிடமிருந்தும் வந்தால் கழுத்து ஏறக்குறைய மொட்டையாகிவிடும். உடலின் இறகும் முறையே ஐந்தில் ஒரு பங்கு, ஐந்தில் இரண்டு பங்கு என்ற அளவில் குறையும் என்பதால் வெயிலைத் தாங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் சீமைக்கருவேல நிழலைத் தவிர வேறு நிழலில்லாத ஊர்களுக்கு இது பொருத்தமான கோழி. அழகில்லை என்று ஒதுக்குவது பிழை.

நிறமும் அப்படியே. காகம், கீரி, மயில், நூலான் என்று சேவலுக்கு வழங்கும் பெயர்கள் நிறப்பெயர்கள். நேர்த்திக்கடனுக்குச் சேவல் தேடுவோர் நிறம் பார்த்து விலை தருவர். அந்த விலை இனத்தின் தரத்தைக் காட்டாது.

அடைக்குப் படுக்கும் குணம்

நாட்டுப்பெட்டை ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்டதும் அடைக்குப் படுக்கும். 21 நாளில் குஞ்சு பொரித்து, பருந்து நிழல் கண்டால் குரல் கொடுத்துச் சிறகுக்குள் அணைத்து, இரண்டு மூன்று மாதம் வளர்த்துவிடும். பிறகு மீண்டும் கேறத் தொடங்கும். ஆண்டுக்கு மூன்று ஈடு போனால் முட்டை ஐம்பதைத் தாண்டுவது அரிது. முட்டைக்கோழிப் பண்ணைக்கு இந்தக் குணம் நட்டம். அடைக்கிருக்கும் நாளெல்லாம் முட்டை நின்றுவிடுவதால், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இதைக் குறைத்துவிட்டனர். மேம்படுத்திய புறக்கடை இனங்கள் நூறு முட்டைக்கு மேல் இடுவதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டைக்காக மட்டும் வளர்ப்போருக்கு அவை நல்ல தேர்வு. அதை மறுப்பதில் பொருளில்லை.

காசில்லாமல் கோழி வளர்க்கும் வீட்டில் கணக்கு வேறு. பொரிப்பான் இல்லாத வீட்டுக்குத் தாய்க்கோழிதான் பொரிப்பான். அடுத்த ஆண்டின் கோழியை அதுதான் தரும். ஒரு பெட்டையை வாரத்துக்கு விட்டு, பொரித்த குஞ்சைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்வதும் இந்தக் குணத்தை நம்பித்தான். உருவம் பெரிதாகட்டும் என்று ஒரு மேம்படுத்திய சேவலை விட்டால், பிறக்கும் பெட்டைகள் பார்வைக்கு நாட்டுக்கோழியாகவே இருக்கும். அவற்றுள் பல அடைக்குப் படுக்காமலோ, படுத்துப் பாதியில் எழுந்துபோயோ முட்டையைக் கெடுக்கும். குறை தெரியவர ஓராண்டு ஆகும். அதற்குள் பழைய தாய்க்கோழி குழம்புக்குப் போயிருக்கும். கடக்நாத்தும் அடைக்குச் சரியாக உட்காராது. அதை வளர்ப்போர் முட்டையைச் சிறுவிடையின் அடியில் வைத்துப் பொரிப்பது இதனால்தான்.

பிரித்து வைத்தல்

வெளியிலிருந்து வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே அடைப்பது வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் பரவாமல் காக்கும். மேலே சொன்ன அடையாளங்களைப் பொறுமையாகப் பார்க்கவும் அதுவே தக்க காலம். சேவலை மாற்றினால், முந்தைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்கியிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த நாட்களில் இட்ட முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன்பின் இட்டவற்றையே அடைக்கு வைப்பது முறை. அடைக்கு ஒழுங்காக உட்கார்ந்து குஞ்சைக் காப்பாற்றிய பெட்டையின் காலில் ஒரு நூலைக் கட்டிவைத்து, அதன் வழிக் குஞ்சுகளைக் கடைசிவரை விற்காமல் வைத்துக்கொள்ளலாம். அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் மண்டல ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும் ஐயமுள்ள கோழியைக் காட்டிக் கேட்கலாம். படத்தை மட்டும் காட்டுவதைவிடக் கோழியையே கொண்டுசெல்வது நல்லது. நாக்கும் நெஞ்செலும்பும் படத்தில் தெரிவதில்லை.